பானையில் பதிந்த கை

நான் பொறாமைக்காரிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் புதுப்புடவை கட்டினாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் புடவைக்காகப் படுகிற பொறாமை வேறு, புருஷனுக்காகப் படுகிற பொறாமை வேறு. முதலாவது இரண்டு நாளில் ஆறிவிடும். இரண்டாவது ஆறவே ஆறாது.

கோவில்பதாகையில் ஏரிப்பக்கம் எங்கள் வீடு. பின்னால் சக்கரம், சூளை, பானை காயவைக்க ஒரு ஓலைக் கொட்டகை. என் வீட்டுக்காரர் பேர் கஜபதி. பூந்தொட்டியும் அகலும் சட்டியும் செய்வார். ஒரே மகளை ஐயப்பன்தாங்கலில் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் அதிகம் பேசமாட்டார். சோறு நன்றாயிருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், இல்லாவிட்டால் கேட்கமாட்டார், அதை வைத்து நான் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. வேறு யாரையும் பாராட்டாததால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் வனஜா வந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம், பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். மணி பிளான்ட் வைக்க ஒரு தொட்டி வேண்டும் என்று வந்தாள். பேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். புருஷன் பால்ராஜுக்கு அங்கே ஷிஃப்ட் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, சின்ன முகம், சின்னக் கை. வந்தவள் தொட்டியைப் பார்க்கவேயில்லை. சூளையில் ஒரு பக்கம் கரி ஏறிப்போய், உடைத்துப்போடலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் கறுப்பு எப்படி வந்துச்சு?"

"பொகை மாட்டிகிச்சு" என்றார் இவர்.

"முழுசும் இப்படிக் கறுப்பாவே செய்ய முடியாதா?"

நான் சிரித்துவிட்டேன். "இன்னாம்மா, நல்ல சட்டியா பார்த்துக் குடுன்னு கேக்குறவங்கதான் வருவாங்க. கரிச் சட்டி கேக்குறவங்கள இப்பதான் பாக்குறேன்" என்றேன். இவர் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்து சட்டியை வாங்கி அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு பழைய தார் டிரம் வந்து இறங்கியது. அதற்கு அடியில் ஓட்டை போட்டு, உள்ளே செங்கல் பூசி, ஒரு சின்னச் சூளையாக்கினார். மண்ணூர்பேட்டையில் மரப்பெட்டி செய்கிற பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்தார். பானை வெந்து முடிகிற நேரம் பார்த்து மரத்தூளை உள்ளே கொட்டி, மேல்வாய், அடி ஓட்டை எல்லாவற்றையும் ஈர மண்ணால் பூசி மூடிவிட வேண்டும். உள்ளே எழும்பிய புகைக்குப் போக வழி கிடையாது. அது பானைக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். மறுநாள் காலையில் திறந்தால் சிவப்பாகப் போன பானை கறுகறுவென்று வெளியே வரும்.

ஆனால் கறுப்பு மட்டும் போதாது. பளபளப்பு வேண்டும். அது என் வேலை. பானை பாதி காய்ந்து, அழுத்தினால் அமுங்காத பதத்தில் இருக்கும்போது கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். ஒரு பானைக்கு இரண்டு மணி நேரம் ஆகும், தோள்பட்டை கழன்றுவிடும். தேய்த்த பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. முக்கியமாக வியர்த்த கையால் தொடவே கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது; உப்புப் பட்ட இடத்தில் புகை ஏறாது, மஞ்சளும் சிவப்புமாகத் திட்டு விழுந்துவிடும். எனக்குக் கை வியர்க்காது. அடுப்பும் மண்ணுமாக இருந்து மரத்துப்போன கை. வனஜாவுக்கு எப்போது பார்த்தாலும் உள்ளங்கை ஈரமாக இருக்கும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அவள் எதற்கு எங்கள் பானையைத் தொட வேண்டும் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். முதல் சூளையில் வந்த இரண்டு கறுப்பு ஜாடியை அவள் எடுத்துக்கொண்டு போய் நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்களாம். இன்னும் வேண்டும் என்று கேட்டார்களாம். அவ்வளவுதான், அம்மாள் வாரத்தில் நாலு மத்தியானம் எங்கள் கொட்டகையில் ஆஜர். ஒரு நோட்டில் ஜாடி ஜாடியாகப் படம் வரைந்துகொண்டு வருவாள். "கழுத்து இன்னும் கொஞ்சம் ஒடுங்கணும் அண்ணாச்சி, வயிறு இறங்கி வரணும்" என்பாள். இவர் நோட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், சக்கரத்தைச் சுற்றுவார். இரண்டு தலையும் ஒரே நோட்டின் மேல் குனிந்திருக்கும். நான் பக்கத்தில் கல்லால் தேய்த்துக்கொண்டிருப்பேன். தேய்த்தேனோ சுரண்டினேனோ, எனக்கே தெரியாது.

"தாயம்மா, உன் ஊட்டுக்காரரு இப்பல்லாம் சட்டை போட்டுகினு சக்கரம் சுத்துறாரே, இன்னா விஷயம்?" என்று ஜெகதாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

உண்மைதான். இருபத்திரண்டு வருஷமாக வெற்றுடம்போடு உட்காருகிற மனுஷன் இப்போது சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளி மனுஷி முன்னால் வெற்றுடம்போடு உட்கார வெட்கம் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அந்த நியாயம் எனக்கும் தெரியும். இருந்தும் அந்தச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் கல்லில் இரண்டு அடி கூடவே விழுந்தது.

பங்குனியில் அவளும் கல்லெடுத்துத் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவள் தேய்த்த ஜாடியை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு இவர், "சோக்கா தேச்சிக்கிற" என்றார். என் காதால் கேட்டேன். நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வீட்டுக்குள் போய், அடுப்படியில் நின்று அழுதேன். எத்தனை ஆயிரம் பானை தேய்த்திருப்பேன்! ஒரு 'சோக்கா' எனக்கு விழுந்ததில்லை. திரும்பி வந்தபோது அவர், "கை வேர்க்குது உனக்கு. துணி வெச்சுத் தூக்கும்மா" என்று அவளுக்குத் தன் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். வந்த புதிதில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அண்ணாச்சி' போடுவாள். சித்திரை பிறந்த பிறகு அந்த அண்ணாச்சி நின்றுவிட்டது. "இங்க பாருங்க", "இது சரியா இருக்கா", அவ்வளவுதான். முறை சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தி முறையை விட்டால் அதற்கு என்ன அர்த்தம்? இதை அவரிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்று படுத்துவிட்டார்.

வைகாசியில் ஒரு மத்தியானம் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் தேய்த்த ஜாடிகள் பத்துப் பன்னிரண்டு கொட்டகைக்கு வெளியே பலகை மேல் இருந்தன. "மழ! மழ!" என்று இவர் சத்தம் போட, நான் அடுப்படியிலிருந்து ஓடிவர, அவள் நோட்டைப் போட்டுவிட்டு ஓடிவர, மூன்று பேருமாக ஆளுக்கு இரண்டாக வாரி அணைத்துக்கொண்டு கொட்டகைக்குள் சேர்த்தோம். துணி தேட யாருக்கு நேரம்? எல்லாம் சேர்த்து முடித்ததும் மழை நின்றுவிட்டது. நான் அடுப்படிக்குத் திரும்பினால், பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தவள் ஊறுகாய் ஜாடியில் பாதி பிசறிக் கிடந்த மாங்காயில் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். வெளியே போய் இவரிடமும் ஒரு துண்டு நீட்டினாள். அவரும் வாங்கித் தின்றார். பல்கூச்சம் என்று நான் கொடுத்தால் தொடமாட்டார், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜாடிகள் காய்ந்து வெந்து, ஆனி மாதம் சூளை திறந்த அன்றைக்கு நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது எல்லாம் வரிசையாக இருந்தது, நாலைந்தில் மட்டும் அங்கங்கே சின்னத் திட்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. உடைந்திருக்கும் என்று நினைத்தேன், ஓட்டாஞ்சில்லைக் காணோம். நாலு நாள் கழித்து ஒட்டடை அடிக்க ஏறியபோது, கொட்டகைப் பரண்மேல், சாக்கில் சுற்றிக் கிடந்தது அது.

பிரித்தேன். நல்ல கறுப்பு. வயிறு இறங்கிய அழகான ஜாடி. அந்த வயிற்றில் ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாக, மஞ்சளும் சிவப்புமாக, புகை ஏறாமல். ஜாடியை யாரோ ஆசையாக அணைத்துப் பிடித்த மாதிரி இருந்தது. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல் நுனி ஐந்தும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கையோ முறம் மாதிரி இருக்கும். இது சின்னக் கை. வியர்க்கிற கை.

கீழே இறங்கி அவரிடம் கேட்டேன். "பரண்மேல ஒண்ணு கீதே, அத ஏன் கடைக்கு அனுப்பல?"

அவர் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது விக்கறதுக்கு இல்ல" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எண்ணி வைத்திருக்கிற சிரிப்புகளில் அது ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

அன்று மத்தியானம் வனஜா வரும்வரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் அந்த ஜாடியைப் பலகை மேல் வைத்தேன்.

"இதும்மேல கைய வை" என்றேன்.

"என்னக்கா?"

"வையின்றேன் இல்ல?"

வைத்தாள். பொருந்தியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி விரலுக்கு விரல் பொருந்தியது. அவள் முகம் சிவந்தது. அதைவிட, பொருந்தியது தெரிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது போதும்.

"புருசன் ஷிஃப்டுக்குப் போனா, இங்க வந்து அடுத்தவ புருசன் செய்றதத் தடவிகினு நிப்பியா? நீ தடவுவ, அத அவரு பரண்மேல தூக்கி வெச்சுப்பாரு, நான் கீழ உக்காந்து கல்லால தேச்சிகினு கெடக்கணுமா?" இதோடு நிறுத்தவில்லை. இன்னும் பேசினேன். எழுத முடியாததெல்லாம் பேசினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெகதாம்பாள் வந்து நின்றது தெரிந்தும் பேசினேன்.

"ஏய், அது அவ கை இல்ல" என்று எழுந்து வந்தார் இவர்.

"பின்ன யார் கை? என் கையா? தோ பாரு!" என் கையை அதன்மேல் வைத்துக் காட்டினேன். "எங்கயா பொருந்துது? பாரு! நல்லா கண்ணத் தொறந்து பாரு!"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற நிலையில் இல்லை. ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன். கறுப்புப் பானை உடையும்போது அவ்வளவு சத்தம் வராது. வனஜா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். இவர் வாயை மூடிக்கொண்டார்.

மூடின வாய் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பேன். அடித்திருந்தால்கூட ஊரைக் கூட்டியிருப்பேன். பேசாத மனுஷன் பேசாமல் இருப்பதில் என்ன புதுசு என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் இன்னொரு கரண்டி சோறு கேட்பதும் நின்றது. ராத்திரி கொட்டகையில் படுத்துக்கொண்டார். கறுப்பு வேலையை நிறுத்திவிட்டுப் பூந்தொட்டி செய்தார். சட்டை போடுவதையும் நிறுத்திவிட்டார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. இந்த மனுஷன் என்னை விட்டுப் போய்விடுவாரோ, அல்லது இங்கேயே இருந்துகொண்டு இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதும் பொறாமை போகவில்லை. மவுனமாக இருக்கிறாரே, அவளை நினைத்துக்கொண்டுதான் மவுனமோ என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு ஜாடி போட்டார். அதே வயிறு இறங்கிய ஜாடி. பாதி காய்ந்ததும் அவரே உட்கார்ந்து கல்லால் தேய்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. என் வேலையைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை. தேய்த்து முடித்து எட்டு நாளில் முதல்முதலாக என்னிடம் பேசினார்.

"உப்பக் கரைச்சு எடுத்துகினு வா."

"எதுக்கு?"

கரைத்துக் கொண்டுபோனேன்.

"கைய நனை. இதும்மேல வை. தூக்குற மாதிரி நல்லாப் புடி."

என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவள் கை பதிந்ததற்குத்தானே அந்தக் குதி குதித்தாய், இந்தா உனக்கும் ஒன்று என்று பழிக்கிறாரோ? கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தேன். அவர் ஜாடியை வாங்கிக்கொண்டு போய் நிழலில் வைத்தார். பழையபடி வாயை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் காய்ந்தது. ஆடி பிறந்த மறுநாள் டிரம்மில் ஏற்றினார். அந்த ஒரு ஜாடிக்காக அவ்வளவு விறகும் தூளும். ஒரே ஒரு ஜாடிக்குச் சூளை மூட்டுகிற குயவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் மண்ணைத் தட்டித் திறந்து, வெளியே எடுத்து, சாம்பலைத் துடைத்து, பலகை மேல் வைத்தார். கறுப்பு வயிற்றில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கை. நான் உடைத்த ஜாடியே திரும்பி வந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் அரண்டுபோனேன்.

"இப்ப வை" என்றார்.

வைத்தேன். என் விரல் நுனி ஐந்தும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

எனக்குப் புரிந்த அந்த நேரத்தைப் பற்றி என்ன சொல்ல? ஈர மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். குயவன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு சாண் அகலத்துக்குச் செய்தால் ஒரு விரற்கடை குறைந்துதான் கைக்கு வரும். மூடி சேரவில்லை என்று வருகிறவர்களிடம், "மண்ணு சுண்டும்மா, சேர்த்து வெச்சுதான் செய்யணும்" என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரி வாசலில் நின்று சொல்லுவேன். பானை சுண்டினால் அதில் பதிந்த கையும் சுண்டாதா? இருபத்திரண்டு வருஷம் மண்ணில் புரண்டவளுக்கு அது தோன்றவில்லை. என் கண்ணுக்கு அங்கே ஒரே ஒரு கைதான் தெரிந்தது.

"மழ வந்த அன்னிக்கு மாங்கா பிசறிகினு இருந்த. அந்த உப்புக் கையோடதான் ஓடியாந்து தூக்குன. நான் பார்த்தேன்" என்றார்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாயா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ போட்டு உடைச்சிட்ட."

"எதுக்குயா அத எடுத்து பரண்மேல வெச்ச?"

அவர் சாம்பல் துணியை உதறி மடித்தார். "உன் கைன்னுதான்" என்றார்.

நான் பலகையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. எந்தப் பாதி பெரிசு என்று சொல்லமாட்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "போய் அந்தப் பொண்ணப் பாரு. பாவம் அது" என்றார்.

போனேன். அன்று மத்தியானமே புதுச் சேலை கட்டிக்கொண்டு, அந்த ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஜாடியை அவளுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்டால் நன்றாயிருக்காது. அவள் கேட்டுத்தானே இந்தக் கறுப்பே எங்கள் வீட்டுக்கு வந்தது.

வனஜாதான் கதவைத் திறந்தாள். பால்ராஜ் வேலைக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்து ஓரடி பின்னால் போனாள். அது எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்த் துணியைப் பிரித்து ஜாடியை அவள் முன்னால் வைத்தேன். என் கையை மேலே வைத்துக் காட்டினேன். மழை, மாங்காய், உப்பு, மண் சுண்டுவது எல்லாம் சொன்னேன். "தப்பு பண்ணிட்டேம்மா. நாக்குல சனியன் உக்காந்துகிச்சு. உன்ன அப்டிப் பேசிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் தன் கையை எடுத்து அந்தக் கைமேல் வைத்தாள். இப்போதும் பொருந்தியது. பொருந்தத்தானே செய்யும்.

"அப்ப இது உங்க கையாக்கா?"

"ஆமாம்மா. சத்தியமா என் கைதான்."

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"நானும் என் கைன்னுதான்க்கா நெனச்சேன்" என்றாள். "மழையில தூக்கும்போது பட்டிருக்கும்னு நெனச்சேன். கடைக்கு அனுப்பாம அத எடுத்து வச்சிருக்காகளேன்னு... நீங்க அன்னைக்கு அவ்வளவு ஏசுனீகள்லா, ஒண்ணும் என் காதுல விழலக்கா. வீட்டுக்கு வார வழியெல்லாம் அது ஒண்ணுதான் மனசுல ஓடிச்சு. இத்தனை நாளும் அதை நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஒரு பார்வைகூடத் தப்பாப் பாத்ததில்ல. நான்தான்" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து.

குக்கர் விசில் எங்கோ பக்கத்து வீட்டில் அடித்தது. அந்தச் சட்டை, அந்த நோட்டு, அந்த நின்றுபோன அண்ணாச்சி, நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை என்று எனக்குள் ஒருத்தி எழுந்து நின்று கை தட்டினாள். வனஜாவை அறையலாம் என்றுகூட வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து அழுகிறவளிடமிருந்து எதையும் பிடுங்க எனக்கு மிச்சமில்லை. இருந்த ஒன்றையும் நான்தான் இப்போது வந்து, மன்னிப்பு என்று பேர் சொல்லிப் பிடுங்கிவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஜாடியைத் தன் பக்கம் லேசாக நகர்த்தினாள். "இது எனக்காக்கா?" என்றாள்.

கொடுத்திருக்கலாம். அதில் பதிந்திருப்பது என் கை, அவளுக்கும் அது தெரியும். ஆனால் நான் படி இறங்கியதும் அவள் எந்தக் கையை எங்கே வைத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

"இல்லம்மா. காட்டத்தான் எடுத்துகினு வந்தேன்" என்றேன். எடுத்துத் துணியைச் சுற்றினேன். முடிச்சு விழவில்லை. அவளேதான் எழுந்து வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது இவர் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார்.

"குடுக்கலியா?"

"வாங்கிக்க மாட்டேன்னுட்டா" என்றேன்.

"கோவம் தீரலியா அந்தப் பொண்ணுக்கு?"

"தீரல."

"இன்னொருவாட்டி போய்ப் பேசு. நல்ல பொண்ணு."

"அவ இனிமே வரமாட்டா, உடுயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஜாடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ராத்திரி அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டார். போட்டேன்.